நான்காம் எண்ணின் அமாவாசை

அத்தியாயம் 11

போன வாரம் மாதேவியைச் சமையலறைக் கதவுக்கு எதிரே, கையில் காபி டம்ளரோடு நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். அந்தக் காபியை அவள் குடிக்கவில்லை. ஆறிப்போனதை அப்படியே தொட்டியில் ஊற்றிவிட்டுக் குளிக்கப் போனாள்.

கதவில் தொங்கியது மாதக் காலண்டர். அதில் அமாவாசைக்கு அமாவாசை ஒரு கறுப்பு வட்டம் போட்டிருக்கும். எல்லார் வீட்டிலும் இருக்கிற வட்டம்தான். ஆனால் அவற்றை எண்ணிப் பார்த்த பிறகு அவளுக்குக் காபி இறங்கவில்லை.

இந்த வாரம்தான் கதைக்குள் வருகிறவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹெப்பாளில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மாதேவிக்கு வேலை. பெங்களூரில் இருக்கிற ஹெப்பாள் அல்ல, இது வேறு ஊர். கோட் எழுதுகிற வேலை அல்ல. கோட் எழுதுகிற குழுக்கள் எப்படி வேலை செய்கின்றன என்று அளந்து சொல்கிற வேலை. யார் மனமும் நோகக் கூடாது என்று, அவள் கைக்கு வரும் விவரங்களில் பெயர்கள் இருக்காது. குழுவுக்கு ஓர் எழுத்து, ஆளுக்கு ஓர் எண். எந்த எழுத்து எது என்று அந்தக் குழுக்களுக்கே தெரியாது.

பதினோரு குழுக்களில் 'ஈ' குழுவுக்குக் கடைசி இடம். அங்கே ஒரு மாற்றத்தை எழுதி முடிக்க இரண்டு மணி நேரம் ஆகிறது. அது வாடிக்கையாளரைப் போய்ச் சேர நான்கு நாள் ஆகிறது. நடுவில் அத்தனை நேரமும் அது சும்மா நிற்கிறது, ஒரே ஓர் ஆள் பார்த்து 'சரி' சொல்வதற்காக. அந்த ஆள்தான் நான்காம் எண்.

நான்காம் எண் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நிறுவனத்திலேயே அதிக நேரம் உழைக்கிற ஆள். ஆறு மாதத்தில் முந்நூறு மாற்றங்களைப் பார்த்து 'சரி' சொன்ன ஆள். மாதத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் வரைபடத்தில் அந்த ஆளின் கோடு அறுந்து கிடந்தது. சர்வர் பராமரிப்பாக இருக்கும் என்றார்கள் கூட வேலை செய்பவர்கள். மாதேவிக்கு மனம் ஒப்பவில்லை. தேதிகளைத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு வந்து காலண்டரோடு ஒத்துப் பார்த்தாள். ஐந்து அறுந்த இடம், ஐந்து கறுப்பு வட்டம். ஆறாவது வட்டம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்திருந்தது. அன்றைக்கு அலுவலகமே கிடையாது.

அமாவாசை தவறாமல் மாதேஸ்வரன் மலைக்குப் போகிற ஆள் அந்த அலுவலகத்தில் அவளுக்குத் தெரிந்து ஒருவன்தான். அவளுடைய கணவன் சுரேந்தர். அங்கே ஒரு குழுவுக்கு லீட், அதாவது தலைவன்.

பெயரை மறைத்தவர்கள் நிலாவை மறைக்க மறந்துவிட்டார்கள். மாதேவிக்குப் பயம் வருவதற்கு முன்னால் வந்தது பிரமிப்புதான். வானத்தில் எங்கோ நிலா தேய்ந்து மறைகிறது. இங்கே ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள் அதே நாளில் ஒரு கோடு அறுகிறது. இதை யாரிடம் போய்ச் சொன்னால் நம்புவார்கள்?

இன்றைக்கும் அமாவாசை. விடியற்காலை நாலு மணிக்கே சுரேந்தர் தம்பி பழனியோடு காரில் கிளம்பிவிட்டான். செருப்பை மாட்டிக்கொண்டே, "மலையில சிக்னல் இருக்காது மாதேவி, சாயங்காலம் வந்துதான் போனைப் பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். கல்யாணமான ஆறு வருடமாக மாதம் தவறாமல் அவள் கேட்கிற வசனம் அது.

நாளைக் காலை பதினோரு மணிக்குப் பெங்களூரிலிருந்து பெரிய தலைகள் வருகின்றன. கடைசி இடத்துக் குழுவைக் கலைத்து மற்றக் குழுக்களில் சேர்த்துவிடுவது, அதன் லீடைப் பொறுப்பிலிருந்து இறக்கிவிடுவது என்று பேச்சு. அதற்கு ஆதாரமாக வைக்கப்போவது மாதேவி போட்ட வரைபடத்தை. புருஷன் வேலைக்குப் பெண்டாட்டி கையாலேயே வேட்டு.

* * *

கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அவள் நேரே முரளிதரனின் அறைக்குப் போனாள். முரளிதரன் அவளுடைய மேலாளர். மேல்கோட்டைப் பக்கத்துக் குடும்பம். பேச்சில் பாதி கன்னடம், மீதியில் பாதி இங்கிலீஷ். நான்காம் எண் யாரென்று தனக்குத் தெரிந்துவிட்டது, அறிக்கையை இனித் தான் தொடக் கூடாது என்று சொன்னாள். எப்படித் தெரிந்தது என்று கேட்டார். சொன்னாள். அவர் நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். தினம் பஞ்சாங்கம் பார்க்கிற தனக்கு இது எட்டவில்லையே என்று நொந்துகொண்டார்.

அறிக்கையைத் தானே வைப்பதாகச் சொன்னார். ஆனால் கூட்டம் முடிகிறவரை நான்காம் எண் யார் என்று அவள் வாயைத் திறக்கக் கூடாது, வீட்டிலும் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு சார். இன்னைக்கு ஒரு நாள் அந்தக் குழுவோட போய் உக்காந்துக்கட்டுங்களா?"

"ஒரு நாள் கணக்கெல்லாம் கணக்கே இல்லம்மா."

"அளக்கப் போகலைங்க சார். பார்க்கப் போறேன்."

அவர் கையை விரித்தார். போகாதே என்று அவர் சொல்லாததையே அனுமதியாக எடுத்துக்கொண்டு மாதேவி மூன்றாம் மாடிக்கு ஏறினாள்.

அங்கே ஆறு பேர் இருந்தார்கள். வெளிநாட்டு மருந்துக் கிடங்கு ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள். எந்த மருந்து எங்கே இருக்கிறது, எது காலாவதியாகப் போகிறது என்று கிடங்குக்காரர்களுக்குச் சொல்கிற மென்பொருள். சுவரில் ஒரு பெரிய திரை. அதில் மூன்று வரிசை: எழுதிக்கொண்டிருப்பது, காத்திருப்பது, போய்ச் சேர்ந்தது. நடு வரிசையில் பதினான்கு நின்றன.

மாதேவி ஒவ்வொருவர் பக்கத்திலும் நாற்காலியை இழுத்துப் போட்டு ஒரே கேள்வியைக் கேட்டாள்: இப்போது எதற்காகக் காத்திருக்கிறீர்கள்? ஆறு பேரும் ஆறு விதமாகப் பேசினார்கள், பதில் ஒன்றுதான். சார் வந்து பார்க்கணும். போன வருடம் சேர்ந்த ஹ்ருஷிகேஷின் மாற்றம் ஐந்து நாளாக நின்றது. அதில் என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டதற்கு அவன் தலையைச் சொறிந்தான்.

"நான் எழுதினதுதான் மேடம். ஆனா நாளாயிடுச்சு இல்லியா, எனக்கே மறந்துபோச்சு."

இந்த ஏற்பாடு யார் போட்டது என்று விசாரித்தாள். யாரும் போடவில்லை. எழுதி வைத்திருக்கும் விதிப்படி, எழுதியவரைத் தவிர குழுவில் வேறு இரண்டு பேர் படித்துப் பார்த்தால் போதும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பிழை தப்பிப் போய், அந்தக் கிடங்கில் அரை நாள் தப்பான சீட்டு அச்சாகிவிட்டதாம். அன்றைக்குச் சுரேந்தர் வெளிறிப்போய் நின்று, இனி என்னைக் கேட்காமல் எதுவும் போகக் கூடாது என்று சொன்னானாம். பயத்தில் ஒரு தடவை சொன்னதுதான். அதுவே சட்டமாகி மூன்று வருடம் ஓடிவிட்டது.

மாதேவி விதியை எடுத்து அவர்களுக்குப் படித்துக் காட்டினாள். இன்றைக்கு ஒரு நாள் இதன்படி செய்து பார்க்கலாமே என்றாள். யாரும் அசையவில்லை. குழுவில் மூத்தவள் வைஷாலி. ஏழு வருட அனுபவம் இருந்தும் சுரேந்தரைக் கேட்காமல் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றாதவள். அவள்தான் மெதுவாகக் கேட்டாள்.

"நீங்க சொல்றது சார் சொன்ன மாதிரியா மேடம்?"

நியாயமான கேள்வி. லீடின் மனைவி வந்து லீட் இல்லாத நாளில் பேசினால் யாரும் அப்படித்தான் கேட்பார்கள். இல்லை, அவருக்குத் தெரியாது என்று மாதேவி உள்ளதைச் சொன்னாள். அவரிடமே கேட்டுவிட்டு வருகிறேன் என்று வராந்தாவுக்கு வந்தாள். சுரேந்தரின் போன் அணைந்திருந்தது. எப்படியும் கிடைக்காது என்று தெரிந்தே பழனியின் எண்ணைப் போட்டாள்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"சொல்லுங்கண்ணி."

மாதேவி போனைக் காதிலிருந்து எடுத்து எண்ணைச் சரிபார்த்துக்கொண்டாள். "நீ எங்க இருக்கறே பழனி? மலையில இருந்து இறங்கிட்டீங்களா?"

"இல்லீங்கண்ணி, மலை மேலதான் இருக்கறோம். தரிசனம் முடிஞ்சுது."

"அங்க சிக்னல் இருக்குதா?"

"ஃபுல்லா இருக்குதுங்கண்ணி. அண்ணன்தான் போனை அமத்தி வண்டியிலயே வெச்சுட்டு வருவாரு." அதற்கு மேல் சொல்லலாமா கூடாதா என்று யோசித்துவிட்டு அவனே சொன்னான். "சாமி பார்த்தொடனே மரத்தடியில துண்டை விரிச்சுப் படுத்துட்டாருங்க. எப்பவும் அப்படித்தான், சாயந்தரம் வரைக்கும் அசைய மாட்டாரு. எழுப்பட்டுங்களா?"

மூன்றாம் மாடி வராந்தாவிலிருந்து பார்த்தால் எதிரே தொழிற்சாலைக் கூரைகள் தெரியும். மாதேவி அவற்றைப் பார்த்தபடி நின்றாள். ஆறு வருடமாக மாதம் ஒரு பொய். வேறொரு நாளாக இருந்திருந்தால் கோபம் பொங்கிக்கொண்டு வந்திருக்கும். ஆனால் முந்நூறு 'சரி'களையும் மணிவாரியாக எண்ணிப் பார்த்தவள் அவள். இரவு பத்தரைக்குச் சொன்ன 'சரி', காய்ச்சலில் படுத்திருந்தபோது சொன்ன 'சரி', அவளுடைய தங்கை கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து சொன்ன 'சரி'. மாதத்தில் ஒரு நாள் ஒரு மரத்தடி. அவளுக்குக் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது.

"வேண்டாம் பழனி. தூங்கட்டும்."

உள்ளே வந்து, அவரிடம் கேட்க முடியவில்லை, விதி இருக்கிறது, பொறுப்பு உங்கள் ஆறு பேருடையது என்றாள். கேட்க முடியவில்லை என்பது முழு உண்மை இல்லைதான். வீட்டில் ஒருவர் ஆறு வருடம் சொன்னதற்கு இவள் ஒரு தடவை சொன்னால் பரவாயில்லை என்று விட்டுவிடுவோம்.

* * *

முதல் மாற்றம் ஹ்ருஷிகேஷுடையது. வைஷாலியும் இன்னொருவரும் அவனுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தார்கள். இது எதற்கு, அது எதற்கு என்று கேட்கக் கேட்க அவனுக்கு மறந்ததெல்லாம் ஞாபகம் வந்தது. ஓர் இடத்தில் தப்பு என்றார்கள்; அங்கேயே திருத்தினான். வைஷாலி 'சரி'யை அழுத்தினாள். தானாக ஓடும் சோதனைகள் ஓடி முடிந்தன. திரையில் நடு வரிசையிலிருந்து ஒன்று நகர்ந்து கடைசி வரிசைக்குப் போனது.

ஆறு பேரும் ஏதோ உடையப்போகிறது என்று காத்திருந்த மாதிரி இருந்தது. ஒன்றும் உடையவில்லை.

பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது. மதியச் சாப்பாட்டுக்குள் நாலு போய்விட்டது. சாப்பிட்டுவிட்டு வந்ததும் வேகம் பிடித்தது. நேற்றுவரை முதுகைக் காட்டிக்கொண்டு தனித்தனியாக உட்கார்ந்திருந்தவர்கள் நாற்காலியை உருட்டிக்கொண்டு ஒருவர் பக்கம் ஒருவர் போனார்கள், சிரித்தார்கள், சண்டைகூடப் போட்டார்கள்.

மாதேவி மூலையில் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். ஒருவருக்கும் புதிதாக அறிவு வந்துவிடவில்லை, ஒருவர் விரலுக்கும் வேகம் கூடிவிடவில்லை. காலையில் இருந்த அதே ஆறு பேர்தான். நடுவில் இருந்த காத்திருப்பு மட்டும் எடுபட்டிருந்தது. நாலு வருடமாக அவள் ஆட்களை அளந்துகொண்டிருந்தாள்: இவர் எத்தனை, அவர் எத்தனை, யார் முதல், யார் கடைசி என்று. ஆட்களுக்கு நடுவில் இருக்கிற இடத்தில்தான் எல்லாமே நடக்கிறது என்பது அவளுக்கு இன்றைக்குத்தான் கண்ணுக்குத் தெரிந்தது. கோயிலில் திரை விலகும்போது மனசுக்குள் ஒன்று எழும்புமே, அது எழும்பியது.

நாலரை மணிக்குப் பதின்மூன்று போயிருந்தது. ஒன்று மட்டும் நின்றது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள், யாரும் கிட்டே போகவில்லை. எழுதியவன் சுரேந்தர்.

அவன் எழுதியதை யார் படித்து 'சரி' சொல்வது வழக்கம் என்று மாதேவி கேட்டாள். ஹ்ருஷிகேஷ்தான் பதில் சொன்னான். யாரும் படிப்பதில்லை, சார் எழுதினால் சாரே 'சரி' போட்டுக்கொள்வார். அதை யார் போய்ச் சரிபார்ப்பது?

வைஷாலி தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். காகிதத்தில் ஏதோ கணக்குப் போட்டுப் பார்த்தாள். முகம் வெளுத்துத் திரும்பினாள்.

"மேடம், மாசக் கடைசித் தேதி வந்தா இது தப்பா எண்ணுது. காலாவதியான மருந்தை நல்ல மருந்துன்னு காட்டும். இதுதான் நாளைக்கு முதல்ல போக வேண்டியது."

திருத்தச் சொல்லி ஒரு குறிப்பு எழுத அவள் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டாள். எழுதினாள், அழித்தாள், மரியாதைக்கு இரண்டு வார்த்தை சேர்த்தாள், கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு விஷயத்தை மட்டும் நாலு வரியில் எழுதி அனுப்பினாள்.

* * *

ஆறே முக்காலுக்குச் சுரேந்தர் வீட்டுக்கு வந்தான். பழனி வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வராமலே, காலையில் ஷிப்ட் இருக்கிறது என்று சொல்லி நழுவினான். அண்ணி முகத்தைப் பார்க்கப் பயம். சுரேந்தர் மேஜை மேல் விபூதியையும் லட்டுப் பொட்டலத்தையும் வைத்தான். தூங்கி எழுந்த முகம் தெளிவாக இருந்தது. வழக்கம்போலப் போனை உயிர்ப்பித்து மேஜையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனான்.

அமாவாசை சாயங்காலங்களில் அந்தப் போன் படுகிற பாடு மாதேவிக்கு மனப்பாடம். ஐந்து நிமிடம் விடாமல் அதிர்ந்து, மேஜை விளிம்பு வரை நகர்ந்து வந்துவிடும். இன்று இரண்டு தடவை அதிர்ந்தது. அத்தோடு நின்றுவிட்டது.

சுரேந்தர் முகம் துடைத்த துண்டோடு ஓடி வந்தான். "என்னாச்சு? சர்வர் படுத்துருச்சா?"

"இல்லீங்க. உக்காருங்க."

நடந்ததை அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள், வாக்குக் கொடுத்த ஒன்றைத் தவிர. பதின்மூன்று போய்ச் சேர்ந்துவிட்டது, எதுவும் உடையவில்லை என்றாள். யார் பார்த்தது என்று கேட்டான். அவர்களே என்றாள்.

"பதினாலு நின்னுச்சே. மீதி ஒண்ணு?"

"அது உங்களுதுங்க. வைஷாலி நிறுத்தி வெச்சிருக்கறா."

அவன் போனில் அந்த நாலு வரியைப் படித்தான். முகம் சிவந்தது. யாரைக் கேட்டு என் குழுவுக்குள் போனாய் என்று கேட்கப்போகிறான் என்று மாதேவி எதிர்பார்த்தாள். அவன் மனசுக்குள்ளேயே ஏதோ எண்ணினான், மாதக் கடைசித் தேதி வரைக்கும் போய் நின்றான். போனைக் கவிழ்த்து வைத்தான்.

"அவ சொல்றது சரி" என்றான். குரல் தாழ்ந்திருந்தது. "இன்னைக்கு நான் ஆபீஸ்ல இருந்திருந்தா இதுக்கு நானே 'சரி' போட்டிருப்பேன் மாதேவி. மூணு வருஷமா நான் எழுதினதை ஒருத்தரும் படிச்சதில்ல. அது எனக்குத் தோணவே இல்ல பாரு."

பிறகு அவனே கேட்டான். "பழனிக்குப் போன் பண்ணினியா?"

"பண்ணினேனுங்க. மணி அடிச்சுது."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "சாமி கும்பிடத்தான் போறேன், அது பொய் இல்ல. ஆனா கும்பிட்டுட்டு அந்த மரத்தடியில படுத்தா, 'சார் இது சரியா'ன்னு கேக்க ஒருத்தரும் இல்ல. மாசத்துல அந்த ஒரு நாள்தான் நான் தூங்கறேன்."

"தெரியுமுங்க" என்றாள் மாதேவி. அவன் அதன் முழுப் பொருளைக் கவனிக்கவில்லை.

போன் மூன்றாவது தடவை அதிர்ந்தது. எல்லா லீடுகளுக்கும் முரளிதரன் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். சுரேந்தர் வாய்விட்டுப் படித்தான். 'ஈ' குழுவின் நான்காம் எண்காரரை நேரில் பார்க்க வேண்டும் என்று பெங்களூரில் கேட்கிறார்கள். யார் என்பது காலை பத்து மணிக்குத் தெரிவிக்கப்படும். எல்லோரும் தயாராக இருக்கவும்.

"பாவம், எவன் தலையோ" என்றான் சுரேந்தர். பிறகு அவளைப் பார்த்தான். "நீ போட்ட அறிக்கைதானே? யாரு அது, தெரியுமா உனக்கு?"

மாதேவி வாக்குக் கொடுத்திருந்தாள். அவள் வாயைத் திறக்கவில்லை. எழுந்து போய்ச் சமையலறைக் கதவிலிருந்து காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தாள். லட்டுப் பொட்டலத்தை ஒதுக்கிவிட்டு அதை அவன் முன்னால் விரித்தாள். இன்றைய தேதியில் இருந்த கறுப்பு வட்டத்தின் மேல் விரலை வைத்தாள். தாளைப் புரட்டிப் போன மாதத்து வட்டத்தின் மேல் வைத்தாள். அதற்கு முந்தின மாதம்.

நாலாவது வட்டத்துக்குப் போகுமுன் அவன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். மீதித் தாள்களைத் தானே புரட்டிப் பார்த்தான்.

"நான் தூங்குற நாள்கூட அதுல தெரியுதா?"

மாதேவி தலையாட்டினாள்.

அவன் போனை எடுத்தான். முரளிதரனைத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்தாள். திரையில் இருந்தது வைஷாலியின் பெயர். "அவ நிறுத்தினது சரின்னு முதல்ல அவகிட்ட சொல்லணும்" என்றான். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. நாள் முழுக்கப் பயத்தை அடக்கிக்கொண்டு வேலை பார்த்த அந்தப் பெண், இப்போது போனை எடுக்கப் பயந்துகொண்டிருந்தாள்.